சிப்பி ஓட்டையும் வாசிக்கலாம், ஓட்டில் விழுந்த ஓட்டையையும் வாசிக்கலாம்

சிப்பித் தீயல் வைத்துச் சாப்பிட்டு முடித்ததும் ஓடுகளை எங்கே கொட்டுகிறீர்கள்? எங்கள் வீட்டில் தென்னை மூட்டில் கொட்டுவோம். அடுத்த தடவை கொட்டுவதற்கு முன்னால் ஒரு இருபது ஓடுகளை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். அந்தச் சிப்பி எங்கே அடிபட்டது, எதை உள்ளிருந்து ஒட்டுப்போட்டது, எப்போது வளராமல் நின்றது என்பதையெல்லாம் அந்த இருபதை வைத்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். கடல் அமிலமாகிறது, சிப்பியெல்லாம் கரைந்துபோகப் போகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மசாலா என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

நான் இருப்பது தேங்காய்ப்பட்டணம் பக்கம். கடற்கரையோடு மேற்கே போனால் நீரோடி, அதைத் தாண்டினால் பொழியூர், அவ்வளவுதான், கேரளம் வந்துவிட்டது. நாங்கள் சிப்பி என்பதைத் திருவனந்தபுரத்துக்காரர்களும் சிப்பி என்றே சொல்வார்கள், வடக்கே போகப் போகக் கடுக்கா, கல்லுமக்காய் என்று பெயர் மாறும். பாறையில் நார் விட்டு ஒட்டிக்கொண்டு கிடக்கும், மூங்கில் இலை போல ஒரு முனை கூராக இருக்கும், அதுதான் ஆள். சேற்றிலும் மணலிலும் புதைந்து கிடக்கும் உருண்டை வகையைத் தமிழ்நாட்டின் மற்றப் பக்கங்களில் மட்டி என்கிறார்கள். ஆனால் எங்கள் மாவட்டத்தில் மட்டி என்றால் வாழைப்பழம். அதனால் இங்கே அதைக் கக்கா என்றே சொல்லிவிடுகிறேன், குழப்பம் வேண்டாம்.

தேவையான சாமான்கள் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய டூத் பிரஷ், டார்ச், ஒரு பூதக்கண்ணாடி (போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதும்), கொஞ்சம் உப்புத்தாள், நகப்பூச்சு ஒரு குப்பி, வினிகர், வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு, ஒரு பாட்டில் வெறும் சோடா. பன்னீர் சோடா வேண்டாம்.

முதலில் ஓட்டைக் கழுவ வேண்டும். இதில் நான் செய்த மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துப் பளபளவென்று தேய்த்து, அழகாக அடுக்கி, போட்டோ எல்லாம் எடுத்த பிறகுதான் தெரிந்தது, பார்க்க வேண்டிய முக்கியமான சங்கதியையே தேய்த்துத் தள்ளிவிட்டேன் என்று. சிப்பியின் ஓட்டுக்கு வெளியே பழுப்பாகவோ பச்சையாகவோ மெல்லிய தோல் ஒன்று உண்டு, வார்னிஷ் அடித்த மாதிரி. அது சுண்ணாம்பு கிடையாது, புரதத்தால் ஆனது. நம் நகத்துக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குக் குடை எப்படியோ, அமிலத்துக்கு அந்தத் தோல் அப்படி. அதனால் பிரஷ்ஷால் மெதுவாகச் சேற்றை மட்டும் எடுங்கள், நிழலில் உலர விடுங்கள்.

உலர்ந்ததும் கூரான முனையைப் பாருங்கள். மூக்கு என்று சொல்வோம். ஓட்டிலேயே வயதான இடம் அதுதான், குஞ்சாக இருந்தபோது கட்டிய இடம். அங்கிருந்து அகன்ற விளிம்பு வரைக்கும் வளைவு வளைவாகக் கோடுகள் போகும். ஒவ்வொரு கோடும் ஒரு வருடம் என்று மரத்தை எண்ணுவது போல எண்ணாதீர்கள், அப்படி எண்ணினால் தப்பாகும். வளர்ச்சி நின்று மறுபடி தொடங்கிய இடம்தான் கோடாக விழுகிறது. மழைக்காலத்தில் ஆற்று நீர் பாய்ந்தாலும் நிற்கும், முட்டை விட்ட களைப்பிலும் நிற்கும், ஏதாவது கடித்துவிட்டாலும் நிற்கும். கோடுகள் நெருக்கமாக இருந்தால் கஷ்டகாலம், அகலமாக இருந்தால் நல்ல தீனி. அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

மூக்குப் பக்கம் தோல் போய் வெள்ளையாகத் தெரிந்தால் உடனே "ஆஹா, அமிலம்" என்று முடிவு கட்ட வேண்டாம். பாறையிலும் பக்கத்துச் சிப்பியிலும் உரசி உரசி முதலில் தோல் போகிற இடமே அதுதான், கால் செருப்பில் குதிகால் பக்கம் முதலில் தேய்கிற மாதிரி. ஆற்று நீர் அதிகம் கலக்கிற காயலில் வாழும் கக்காவில் இது இன்னும் மோசமாக இருக்கும். கடல் நீரில் இருக்கிற அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து ஆற்று நீரில் கிடையாது, அதனால் தோல் போன இடத்தை நீரே அரிக்கத் தொடங்கிவிடும். கேரளத்துக் குட்டநாட்டில் கரி நிலம் என்று ஒரு வகை மண் உண்டு, மழை தொடங்கியதும் அதிலிருந்து உண்மையிலேயே அமில நீர் வடிந்து வேம்பநாட்டுக் காயலில் சேரும். அது மண்ணில் இருக்கிற கந்தகத்தின் வேலை, பழைய கதை. கரியமில வாயுவால் கடலில் நடப்பது வேறு கதை. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டக்கூடாது.

சரி, ஓட்டைகளுக்கு வருவோம். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

பென்சில் முனையால் குத்தினது போலப் பத்து இருபது சின்ன ஓட்டைகள் சிதறிக் கிடந்தால் அது துளையிடும் கடற்பஞ்சு. சிப்பி ஓட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே கரையான் புற்று மாதிரி அறைகள் இருக்கும். ஒரே ஒரு ஓட்டை, வட்டமாக, டிரில் போட்ட மாதிரி சுத்தமாக இருந்தால் அது வேட்டையாடும் நத்தை. நாக்கில் இருக்கும் அரத்தால் அறுத்து, கூடவே அமிலத்தையும் தானே சுரந்து இளக்கி, உள்ளே வாயை விட்டுச் சாப்பிட்டிருக்கும். கக்கா ஓட்டில் அந்த ஓட்டையின் வெளிவிளிம்பு சரிவாக, ஸ்குரூ தலை உட்காரும் பள்ளம் போல இருந்தால் மணலுக்குள் ஊர்ந்து வேட்டையாடும் சந்திர நத்தை வகை. அந்த ஓட்டை பாதியில் நின்றிருந்தால் கக்கா தப்பித்தது என்று அர்த்தம், அதைக் கண்டால் எனக்கு ஒரு சந்தோஷம். விளிம்பில் துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தால் நண்டு. ஓட்டின் விளிம்பை ஒட்டிச் சேறு நிரம்பிய குழாய் போன்ற தடம், உள்ளே அதே இடத்தில் கொப்புளம் என்றால் சேற்றுப்புழு. இவை எதிலுமே சேராமல், குறிப்பிட்ட ஓட்டை என்று சொல்ல முடியாமல், தோல் போன இடமெல்லாம் சாக்குக்கட்டி மாதிரி மங்கலாக, விரலில் மாவு ஒட்டுகிற மாதிரி இருந்தால்தான் நீரில் கரைந்தது என்று சந்தேகப்படலாம். அப்போதும் அந்த ஓடு கறிக்கு வந்ததா, கரையில் மாதக்கணக்கில் கிடந்ததா என்று பாருங்கள். கரையில் கிடந்தது எல்லாமே சாக்குக்கட்டிதான்.

ஓட்டை இப்போது திருப்புங்கள், உள்பக்கம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். வெளியே நண்டு கடித்த தடம் இருந்தால் உள்ளே அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒரு பழுப்புத் திட்டோ, மேடோ, நிறம் மாறிய முத்துப்பூச்சோ இருக்கும். ஒட்டுப்போட்ட வேலை அது. சிப்பியின் சதையை ஓட்டோடு சேர்த்து மூடியிருக்கும் மெல்லிய போர்வை இருக்கிறதல்லவா, சிப்பியை வேகவைத்துப் பிரிக்கும்போது விளிம்பில் பாவாடை ஓரம் மாதிரி சுருங்கி நிற்குமே, அதுதான் கொத்தனார். ஓட்டில் துளை விழுந்தால் முதலில் ஒரு புரதப் படலத்தை விரித்து அடைக்கும், அப்புறம் அதன்மேல் சுண்ணாம்பைப் படிய வைக்கும். ஆனால் வெளித்தோலைச் செய்யத் தெரிந்தது அந்தப் போர்வையின் ஓரத்துக்கு மட்டும்தான். அதனால் விளிம்பில் விழுந்த காயம் வளர வளரத் தோலோடு சேர்ந்து ஆறிவிடும், கொஞ்சம் கோணலாக ஒரு தழும்பு மட்டும் இருக்கும். நடுவில் விழுந்த காயத்துக்கு உள்ளேயிருந்து சுவர் எழுப்பலாமே தவிர, வெளியே தோல் திரும்ப வரவே வராது. சாகும்வரை அந்த இடம் குடையில்லாமல்தான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பசிபிக் கடலில் ஒரு இடம் காட்டிக்கொடுத்தது. மரியானா தீவுகளின் பக்கம் நார்த்வெஸ்ட் ஐஃபுக்கு என்று கடலடி எரிமலை ஒன்று, அதன் சரிவில் திரவமான கரியமில வாயுவே குமிழ் குமிழாக வெளிவருகிறது. அங்கே பி.எச். (அமிலத்தை அளக்கும் எண், 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5.36 வரைக்கும் இறங்கிய நீரிலும் சிப்பிகள் கூட்டம் கூட்டமாக வாழ்வதாக 2009-ல் வெரினா டனிக்லிஃப் குழுவினர் எழுதினார்கள். எப்படி? அந்தத் தோல் கிழியாமல் இருந்ததுதான் காரணம், கிழிந்த இடத்தில் ஓடு கரைந்து போயிருந்தது. சும்மா கிடைத்த வாழ்வும் இல்லை அது, மற்ற இடங்களில் வாழும் அதன் இனத்தோடு ஒப்பிட்டால் ஓட்டின் தடிமன் பாதிதான். ஓட்டை உடைத்துத் தின்னும் நண்டுகளும் அங்கே இல்லாததால் பிழைப்பு ஓடுகிறது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே அளவில் இரண்டு ஓடுகளை எடுத்து, உள்பக்கத்துக்கும் விளிம்புக்கும் நகப்பூச்சு இரண்டு கோட்டிங் கொடுத்துக் காய விடுங்கள். ஒன்றின் வெளியே கட்டைவிரல் நகம் அளவுக்கு உப்புத்தாளால் தோலைத் தேய்த்து எடுங்கள். இன்னொன்றைத் தொடாதீர்கள். இரண்டையும் தனித்தனி கிளாஸில் வினிகர் ஊற்றிப் போட்டால், தேய்த்த இடத்திலிருந்து உடனே குமிழி கிளம்பும், தேய்க்காததில் மூக்கின் பக்கம் மட்டும் அங்கங்கே ஒன்றிரண்டு. அரைநாள் கழித்து எடுத்துக் கழுவித் தடவிப் பாருங்கள், தேய்த்த இடம் குழியாகியிருக்கும். மூன்றாவதாக எந்தப் பூச்சும் இல்லாத ஒரு ஓட்டையும் போட்டு, வினிகரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள் விட்டால் சுண்ணாம்பெல்லாம் போய், அந்தத் தோல் மட்டும் ஈரக் காகிதம் மாதிரி மிஞ்சும். பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல வேடிக்கை.

ஆனால் இதைச் செய்துவிட்டு "பார், கடலில் இப்படித்தான் ஆகப்போகிறது" என்று பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். வினிகரின் பி.எச். இரண்டரைக்குக் கிட்ட. கடல் மேற்பரப்பு நீரின் சராசரி ஏறத்தாழ 8.1. தொழிற்சாலைகள் வருவதற்கு முன்னால் 8.2-க்குக் கிட்ட இருந்தது. அதாவது கடல் இப்போதும் காரம்தான், காரம் குறைந்துகொண்டு வருகிறது, அவ்வளவே. 0.1 தானே என்றும் விட்டுவிட முடியாது, பி.எச். கணக்கு மடங்குக் கணக்கு, அந்த 0.1-க்கே ஹைட்ரஜன் அயனிகள் சுமார் 30 சதவீதம் கூடியிருக்கின்றன. நாம் எரித்து வெளியே விடும் கரியமில வாயுவில் கால் பங்கைக் கடல் குடித்துவிடுகிறது, அதன் விலை இது.

உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வினிகரைவிடச் சுண்ணாம்பும் சோடாவும் நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு டீஸ்பூன் கலக்கி, குலுக்கி, ராத்திரி முழுக்க அசையாமல் விடுங்கள். காலையில் மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் இறுத்து எடுங்கள். கண்ணில் படக்கூடாது, குடிக்கவும் கூடாது. ஒரு கிளாஸில் கால்வாசி அந்தத் தெளிநீர். குளிர்ந்த சோடாவைப் புதிதாக உடைத்து அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். முதலில் பால் மாதிரி வெளுக்கும். அந்த வெள்ளைதான் கால்சியம் கார்பனேட், சிப்பி ஓட்டில் இருக்கிற அதே சாமான். சுண்ணாம்புக் காளவாயில் சிப்பியையும் கக்காவையும் சுட்டு எடுத்த சுண்ணாம்பை நீங்கள் வாங்கியிருந்தால், நெருப்பில் இழந்த வாயுவைத் திரும்பக் கொடுத்து மறுபடியும் ஓடாக்கியிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள், கிளாஸ் நிறையும்வரை சோடாவை ஊற்றுங்கள். கலக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் அந்தப் பால் தெளிந்துவிடும். கொஞ்சம் வாயு ஓட்டைக் கட்டியது, அதே வாயு அதிகமானதும் கட்டியதைக் கரைத்துவிட்டது. தெளிந்த நீரைச் சட்டியில் ஊற்றிக் கொதிக்க வையுங்கள், வாயு வெளியேறிப் போனதும் மறுபடி வெளுக்கும். நான் முதல் தடவை இதைச் செய்து பார்த்துவிட்டு, அம்மா திட்டத் திட்ட நாலு பாட்டில் சோடாவைத் தீர்த்தேன்.

கடலில் இதே கணக்கு, ஆனால் மெதுவாக. கரைந்த வாயு விடும் ஹைட்ரஜன், நீரில் இருக்கிற கார்பனேட்டைப் பிடித்து பைகார்பனேட் ஆக்கிவிடுகிறது. உயிருள்ள சிப்பியின் ஓடு அப்படியே கரைந்து வழிவது அபூர்வம். கட்டுவதற்கு ஆகும் செலவு கூடுகிறது என்பதே சரியான பேச்சு. போர்வைக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு மெல்லிய இடுக்கில் நீர் நிற்கும், அங்கேதான் கட்டட வேலை. ஓடு படியப் படிய அந்த இடுக்கில் ஹைட்ரஜன் சேரும், அதை இறைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியேயும் ஹைட்ரஜன் அதிகம் என்றால் மேட்டுக்கு நீர் இறைக்கிற பாடுதான், மோட்டாருக்குக் கரண்ட் கூடுதலாக வேண்டும். சிப்பிக்குக் கரண்ட் என்பது தீனி.

எங்கள் பக்கத்து வீட்டு மாமா வருடக்கணக்காகச் சிப்பிக்கு முங்கினவர். ஒரு நாள் கேட்டேன், "மாமா, கடல் புளிச்சுப்போச்சுன்னு சொல்றாங்களே, ஓடு மெலிஞ்சு போகுமா?" "புளிப்பும் இல்ல உறைப்பும் இல்ல மக்கா, தீனி இருந்தா ஓடு தன்னால கனக்கும்" என்றார். கடல் இன்னும் புளிக்கவில்லைதான், ஆனால் காரம் குறைந்து புளிப்புப் பக்கம் நகர்வதைக் கணக்கில் எடுக்காதது தப்பு. மற்றது ரொம்பச் சரி. ஜெர்மனியில் கீல் என்கிற ஊரின் கடற்கழியில் இயற்கையாகவே கரியமில வாயு அதிகம். 2013-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், வாயு அதிகமான உள்கழியில் விட்ட சிப்பிக் குஞ்சுகள், வாயு குறைந்த வெளிக்கழியில் விட்டவற்றைவிட ஏழு மடங்கு வேகமாக வளர்ந்தன. காரணம், உள்ளே தீனி அதிகம். அதே குழுவினர் தொட்டியில் வைத்துப் பார்த்தபோது, வாயு அதிகமாகித் தீனியும் குறைந்தால் ஓட்டின் உள்பக்கமே அரிக்கத் தொடங்குவதையும் கண்டார்கள். வெளியிலிருந்து எதிரி வரவில்லை, உள்ளே பராமரிக்கக் காசில்லை. அதனால்தான் உள்பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். முத்துப்பூச்சு வழவழவென்று மின்னினால் சாப்பாட்டுக் குறைச்சல் இல்லாமல் வாழ்ந்த ஆள்.

இதை நம் கடலுக்குப் பொருத்திப் பாருங்கள். ஆனி ஆடியில் இந்தத் தென்மேற்குக் கரையில் அடிநீர் மேலே வரும். கால் வைத்தாலே தெரியும், குளிரும். அந்த நீரில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம், பி.எச். குறைவு. ஆனால் அதே நீர்தான் உரத்தையும் மேலே கொண்டுவருகிறது, நுண்பாசி பெருகுகிறது, சிப்பிக்கு விருந்து. புளிப்பும் சோறும் ஒரே தட்டில் வருகின்றன. கன்னியாகுமரி முதல் விழிஞ்ஞம் வரைக்கும் உள்ள சிப்பி தலைமுறை தலைமுறையாக இந்தச் சோற்றைத்தான் சாப்பிடுகிறது, அதனால் இது கொஞ்சம் தாங்கும் என்பது என் எண்ணம். ஆனால் சூடு கூடி, பாசி குறைந்து, புளிப்பு மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குப் பயம். நாரும் கவனிக்க வேண்டியது. 2013-ல் எமிலி கேரிங்டன் குழுவினர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் செய்த சோதனையில், அமிலம் கூடிய நீரில் சிப்பியின் நார் பலவீனமானது. ஆனி ஆடி அலையில் பாறையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனால் ஓடு எவ்வளவு கனமாக இருந்து என்ன.

பாசி பெருகும்போது விஷப்பாசியும் சில சமயம் சேரும். 1997-ல் விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டவர்கள் உயிரிழந்ததே அப்படித்தான். அதை ஓட்டைப் பார்த்தோ வேகவைத்தோ கண்டுபிடிக்கவே முடியாது, அதிகாரிகள் சாப்பிட வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

பெரிய சிப்பி தாங்கும், குஞ்சு தாங்காது. முட்டையிலிருந்து வந்த லார்வா முதல் இரண்டு நாளுக்குள் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும், தீனி தின்ன வாயும் வயிறும் தயாராவதற்கு முன்னாலேயே, முட்டையில் அம்மா வைத்துவிட்ட கொழுப்பை மட்டும் வைத்துக்கொண்டு. அந்த ஓடு அரகோனைட், சுண்ணாம்பிலேயே எளிதில் கரைகிற வகை. அமெரிக்காவில் ஓரிகன் கரையில் விஸ்கி கிரீக் என்ற ஆளி (ஆய்ஸ்டர்) குஞ்சுப் பண்ணையில் 2007, 2008 வாக்கில் லார்வாக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. முதலில் கிருமி என்று நினைத்தார்கள். கடைசியில், மேலெழும் அடிநீரைப் பைப்பில் இழுத்துத் தொட்டியில் விட்டதுதான் காரணம் என்று ஆலன் பார்ட்டன், பர்க் ஹேல்ஸ் முதலியவர்கள் 2012-ல் எழுதினார்கள். நீரின் தன்மையை அளந்து பார்த்து இழுப்பது, சலவைச் சோடா கலந்து சரிசெய்வது என்று பண்ணை பிழைத்தது. தொட்டிக்குச் சரி. பாறையில் ஒட்டும் குஞ்சுக்கு யார் சலவைச் சோடா போடுவது?

நீரை அளந்து பார்க்க ஆசை இருந்தால் ஒரு வார்த்தை. மீன்தொட்டிக் கடையில் விற்கிற காகிதத் துண்டு இதற்கு உதவாது. பேனா மாதிரியான மலிவு மீட்டரும் 0.1 தப்பாகக் காட்டும், ஐம்பது வருட மாற்றத்தை அதில் தேடினால் கிறுக்குப் பிடிக்கும். ஆனால் பொழியிலோ (ஆறு கடலில் சேரும் வாய்), எங்கள் பக்கத்து ஏ.வி.எம். கால்வாயிலோ ஒரே இடத்தில் விடியும் முன்பும் மதியம் மூன்று மணிக்கும் அளந்தால் வித்தியாசம் தெரிய வாய்ப்பு அதிகம். ராத்திரி எல்லா உயிரும் மூச்சுவிட்டு வாயுவைச் சேர்க்கும், பகலில் பாசி அதைத் தின்றுவிடும். மீட்டரைத் தரப்படுத்தும் கரைசலை மறக்காமல் வாங்குங்கள், அது இல்லாவிட்டால் மீட்டர் பொம்மை.

உயிருள்ள சிப்பி வாங்கினால் செய்யக்கூடாதது ஒன்று உண்டு, சாக்கில் கட்டி ஒரு நாள் வைப்பது. நீருக்கு வெளியே வாயை மூடிக்கொண்டால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து அமிலம் சேரும், அதைச் சமாளிக்கச் சிப்பி தன் ஓட்டின் உள்பக்கத்தையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும். கடலைக் குறைசொல்லும் முன்னால் நம் சாக்கையும் பார்க்க வேண்டும். ஈரத்துணி போட்டு, நிழலில், காற்று படும்படி வைத்து அன்றைக்கே சமைத்துவிடுங்கள். நல்ல தண்ணீர் வாளியில் போடவே வேண்டாம், நான் போட்டுக் காலையில் எல்லாம் வாய் பிளந்து கிடந்தது, அந்த நாற்றத்துக்கு அம்மா வாளியையே தூக்கி எறிந்தாள். தட்டினால் வாய் மூடாததைக் கறியில் சேர்க்காதீர்கள். வாங்கும்போது விரல் நகம் அளவுக் குஞ்சு நிறைய ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தக் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள், முதல் இரண்டு நாளைத் தாண்டிப் பிழைத்தவை அவை.

வாசித்து முடித்த ஓடுகளை என்ன செய்வது? அமெரிக்காவின் மேய்ன் கரையில் மார்க் கிரீன் என்ற ஆய்வாளர், சேற்றில் இறங்கும் கக்காக் குஞ்சுகள் அந்தச் சேற்று நீரிலேயே கரைந்து சாவதைப் பார்த்து, இடித்த ஓட்டைச் சேற்றில் பரப்பினார், அங்கே குஞ்சுகள் அதிகம் தங்கின. காயல் சேற்றுக்குச் சரி, அலையடிக்கும் நம் பாறைக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. சமைத்த ஓட்டை அப்படியே கொண்டுபோய்ப் பொழியில் கொட்டினால் நாற்றமும் கிருமியும்தான் மிச்சம். எங்கள் செம்மண் பொதுவாகவே புளிப்பு மண். வெயிலில் நன்றாகக் காய வைத்து, சாக்கில் போட்டுச் சுத்தியலால் இடித்து, தென்னை மூட்டைச் சுற்றித் தூவி மண்ணோடு கிளறிவிடுங்கள். நகப்பூச்சு பூசிய இரண்டையும் மட்டும் பொறுக்கி எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.